கட்டுநாயக்கவுக்கும் திருச்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம்?

இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்த கொட்டகலையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போக எண்ணும் ஒருவர் கைபேசியில் தேடினால், கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர் என்றும், பறப்பு நேரம் ஏறத்தாழ ஒரு மணி என்றும் விடை கிடைக்கும். இவ்விரண்டு எண்களிலும் பிழை இல்லை. ஆயினும் முதலாவது, எந்த விமானமும் அப்படியே பின்பற்றிச் செல்லாத ஒரு கோட்டின் நீளம். இரண்டாவது, விமானம் தரையில் ஊரும் நிமிடங்களையும் தன்னுள் அடக்கிய ஓர் அட்டவணைக் கணக்கு. இவை எப்படிப் பெறப்படுகின்றன, எவற்றை உள்ளடக்கி எவற்றை விட்டுவிடுகின்றன என்று விளங்கிக்கொண்ட பிறகே, தோட்டத்து லயத்திலிருந்து புறப்படும் ஒருவருக்கு அவை எந்த அளவு பயன்படும் என்பதைச் சொல்ல முடியும்.

தூரத்திலிருந்து தொடங்குவதே முறை. பூமி உருண்டையாக இருப்பதால், அதன் மேற்பரப்பில் உள்ள இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய வழி, தட்டையான தேசப்படத்தில் அளவுகோலை வைத்து இழுக்கும் கோடு ஆகாது. பூமியின் மையத்தின் ஊடாகச் செல்லும் ஒரு தளம் அந்த உருண்டையை வெட்டும்போது உண்டாகும் வட்டத்தின் ஒரு துண்டே அந்தக் குறுகிய வழி. அவ்வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். விமான நிலையங்களுக்கு இடைப்பட்டதாக அச்சிடப்படும் தூரங்கள் பெரும்பாலும் இப்பெருவட்டத் தூரங்களே. இவற்றைக் கணக்கிடக் கோள முக்கோணவியல் வேண்டும். ஆனால் கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பள்ளி மாணவர் ஒருவரே காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். கட்டுநாயக்க நிலையம் வட அகலாங்கு 7.18 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 79.88 பாகையிலும் இருக்கிறது. சென்னை நிலையம் வட அகலாங்கு 12.99 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 80.17 பாகையிலும் இருக்கிறது. கிழக்கு மேற்கு வேறுபாடு ஒரு பாகையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாததால், அதை ஒதுக்கிவிட்டு வடக்குத் தெற்கு வேறுபாட்டை மட்டும் பார்த்தாலே போதும், அது 5.81 பாகை.

இங்கே கடல் மைல் என்னும் அளவு கைகொடுக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை அகலாங்கின் நீளமே ஆதியில் ஒரு கடல் மைல் எனக் கொள்ளப்பட்டது. இன்று அது சரியாக 1,852 மீற்றர் என வரையறுக்கப்பட்டுள்ளது. கப்பலோட்டிகளிடமிருந்து விமானிகள் இவ்வளவைப் பெற்றுக்கொண்டு இன்றுவரை கைவிடாமல் இருப்பதற்கு, தேசப்படத்தில் உள்ள கோடுகளையே அளவுகோலாக்கிவிடும் இந்த வசதிதான் காரணம். 5.81ஐ 60ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 349 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 646 கிலோமீற்றர் கிடைக்கிறது. பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால், மத்தியகோட்டை ஒட்டிய இப்பகுதியில் ஒரு பாகை அகலாங்கின் உண்மையான நீளம் 110.6 கிலோமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதையும் கருத்தில் கொண்டால் விடை 643 கிலோமீற்றருக்கு இறங்கும். ஒரே சோடி நகரங்களுக்கு வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று கிலோமீற்றர் வேறுபட்ட எண்கள் காணப்படுவது இதனால்தான். பூமியை முழு உருண்டையாகக் கொள்பவர்களும் தட்டையான உருண்டையாகக் கொள்பவர்களும் வெவ்வேறு விடைகளைத் தருகிறார்கள்.

திருச்சி சற்று மேற்கே ஒதுங்கி, கிழக்கு நெட்டாங்கு 78.71 பாகையில் இருப்பதால் கணக்கில் இன்னொரு படி கூடுகிறது. வடக்கே ஏறத்தாழ 398 கிலோமீற்றரும் மேற்கே ஏறத்தாழ 129 கிலோமீற்றரும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் செம்பக்கமாக அதைக் கருதி, பைதகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் 418 முதல் 419 கிலோமீற்றர் வரும். இவ்வளவு சிறிய தூரத்தில் பூமியின் வளைவு அந்தத் தேற்றத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. மதுரை இன்னும் அருகில், ஏறத்தாழ 355 கிலோமீற்றரில் இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் ஏறத்தாழ இதே 355 கிலோமீற்றர்தான். இந்தத் தூரம் பின்னால் பயன்படும்.

ஆனால் எந்த விமானமும் இந்தக் கோட்டின்மேல் நூல் பிடித்ததுபோலப் பறப்பதில்லை. விமானங்கள் காற்றை எதிர்நோக்கி எழவும் எதிர்நோக்கி இறங்கவும் வேண்டியவை என்பதால், ஓடுதளம் எந்தத் திசையில் அமைந்திருக்கிறது, அன்று காற்று எங்கிருந்து வீசுகிறது என்னும் இரண்டுமே பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானிக்கின்றன. கட்டுநாயக்கவின் ஓடுதளம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. மலைநாட்டில் மழை கொட்டும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், வடக்கே திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டிய விமானம் முதலில் அதற்கு எதிர்ப்புறமாக, நீர்கொழும்புக் கடனீரேரிப் பக்கமாக எழும்பி, பின்னரே வடக்கு நோக்கித் திரும்புகிறது. அதே காலத்தில் வடக்கிலிருந்து வரும் விமானமோ வடகிழக்குப் பக்கமிருந்து ஓரளவு நேராகவே இறங்கிவிடலாம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நிலை தலைகீழாகிறது. புறப்படுபவர்களுக்கு வழி குறுகுகிறது, வருபவர்கள் நிலையத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இவற்றோடு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பதற்காக வகுத்துள்ள வான்பாதைகளும் சேர்ந்து, உண்மையில் பறக்கப்படும் தூரத்தைப் பெருவட்டத் தூரத்தைவிடச் சற்றுக் கூட்டிவிடுகின்றன. ஒன்பதாயிரம் கிலோமீற்றர்ப் பயணத்தில் இந்தக் கூடுதல் ஒரு பொருட்டே இல்லை. நானூறு கிலோமீற்றர்ப் பயணத்திலோ அது கணக்கில் தெரியும்.

நேரத்துக்கு வந்தால், பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் விமானம் வானில் இருக்கும் நேரத்தைக் குறிப்பதில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்து விமானம் அசையத் தொடங்கும் கணம் முதல், மறுமுனையில் அது நிறுத்தப்பட்டு மீண்டும் முட்டுக்கொடுக்கப்படும் கணம் வரையிலான நேரத்தை விமானத்துறையினர் ‘புளொக் நேரம்’ என்பார்கள். அட்டவணைகளில் வருவது அதுவே. ஓடுதளம் வரை ஊர்தல், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருத்தல், இறங்கிய பின் மீண்டும் ஊர்தல் ஆகியவை அதனுள் அடங்கும். இத்துடன், தாமதம் என்ற கெட்ட பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே எழுதிவிடுவதும் உண்டு. குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததாக விமானப் பணியாளர் அறிவிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியில் ஒரு பகுதி, அட்டவணை எழுதியவர் ஏற்கெனவே கடனாக வைத்திருந்தது என்று சொல்லலாம்.

எயார்பஸ் ஏ320 போன்ற ஒரு ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் 419 கிலோமீற்றரைக் கடக்க அரை மணிதான் ஆகும் என்று வகுத்துப் பார்ப்பவர், விமானம் அந்த வேகத்தை எட்டுவதற்கே எவ்வளவு வழி போக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நொட்ஸ், அதாவது மணிக்கு 250 கடல் மைல் என்னும் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. அது மணிக்கு ஏறத்தாழ 463 கிலோமீற்றர். முப்பதாயிரம் அடிக்கு ஏறுவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேலும் ஏறத்தாழ நூறு கடல் மைலும் தேவைப்படும். இறக்கத்துக்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்குவதற்கும் மூன்று கடல் மைல் வேண்டும். முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்க வேண்டுமாயின், தொண்ணூறு கடல் மைலுக்கு முன்பே மூக்கைத் தாழ்த்த வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு மொத்தமே 226 கடல் மைல்தான். ஏற்றத்துக்கு நூறும் இறக்கத்துக்குத் தொண்ணூறும் போனால், சமதளமாகப் பறப்பதற்கு எஞ்சுவது முப்பத்தாறு கடல் மைல். அது ஐந்து நிமிடப் பறப்பு. மன்னார்க் கடலுக்கு மேல் விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்குவதாகப் பயணிகளுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. இத்தகைய குறுகிய வழிகளில் முப்பதாயிரம் அடியை எட்டாமலே, தாழ்வான ஓர் உயரத்தோடு நின்றுவிடுவதும் வழக்கம்.

சென்னைக்குச் செல்லும்போது கூடுதலாகக் கடக்க வேண்டிய ஏறத்தாழ 225 கிலோமீற்றரும் இந்தச் சமதளப் பகுதியிலேயே சேர்கிறது என்பதால், அதற்குப் பதினாறு நிமிடங்களே கூடுகின்றன. தூரம் ஒன்றரை மடங்கானபோதும் நேரம் அந்த விகிதத்தில் வளராமல் இருப்பதன் விளக்கம் இதுதான். இதிலிருந்து பொதுவாசகர் ஓர் எளிய கணக்கு விதியைப் பெறலாம்: கிலோமீற்றர்த் தூரத்தை 830ஆல் வகுத்து, கிடைக்கும் நேரத்தோடு ஊர்தலுக்கும் ஏற்ற இறக்கத்துக்குமாக அரை மணியைவிடச் சற்று அதிகம் சேர்த்தால், ஜெட் விமானத்தின் அட்டவணை நேரத்துக்கு அருகில் வந்துவிடலாம். திருச்சிக்கு ஏறத்தாழ ஒரு மணியும், சென்னைக்கு ஒரு மணி இருபது நிமிடமும், ஏறத்தாழ 3,300 கிலோமீற்றரில் உள்ள துபாய்க்கு நான்கரை மணியும் இவ்வாறு கிடைக்கின்றன.

விதி பொய்க்கும் இடம் பலாலி. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அது திறந்துவைக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் சேவை தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020இல் நின்றுபோன அந்தச் சேவை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. சென்னைக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட தூரம், சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதியைவிடச் சிறிதே கூடியது. இருந்தும் அட்டவணை நேரமோ ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது ஒன்றேகால் மணி. பலாலி வழியில் பறப்பது உந்துவிசிறி கொண்ட ஏடிஆர் 72 விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர்தான். தூரத்தை மட்டும் கேட்டறிந்து நேரத்தை ஊகிப்பவர், எந்த விமானம் என்றும் கேட்க வேண்டியதாகிறது.

கடிகாரம் செய்யும் குழப்பம் வேறு வகையைச் சேர்ந்தது. இன்று இலங்கையும் இந்தியாவும் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், புறப்படும் நேரத்தை வந்து சேரும் நேரத்திலிருந்து கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடுகிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996இல் மழை பொய்த்து, காசல்ரீ, மவுசாக்கலை முதலிய நீர்த்தேக்கங்களை நம்பியிருந்த மின்னுற்பத்தி சரிந்தபோது, மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் அரசு மே மாத இறுதியில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நீடித்தது. ஒரு மணி நேர வேறுபாடு இருந்த அந்தச் சில மாதங்களில், கட்டுநாயக்கவில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் பறக்கும் விமானம் திருச்சியில் உள்ளூர் நேரப்படி காலை பத்து மணிக்கே போய்ச் சேரும். திரும்பும்போது அதே பயணம் இரண்டு மணி நேரமாகத் தோன்றும். அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த மாயம் அரை மணி அளவில் தொடர்ந்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தண்ணீர் வற்றியதால் திருச்சிப் பயணத்தின் நீளம் காகிதத்தில் மாறிப்போனது என்பது, தூரமும் நேரமும் எவ்வளவு தொடர்பில்லாத காரணங்களோடு பிணைந்திருக்கின்றன என்பதைக் காட்டும் வேடிக்கையான சான்று.

தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பெண்களின் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நடைமுறைத் தேவையாகவே இருக்கிறது. துபாய் நேரம் இலங்கையைவிட ஒன்றரை மணி பிந்தியது. குவைத்தும் ரியாதும் இரண்டரை மணி பிந்தியவை. கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்கு நான்கரை மணி நேரம் பறந்தால் கடிகாரம் மூன்று மணி நேரத்தையே காட்டும். திரும்பும்போது ஆறு மணி நேரமாகத் தோன்றும். நீண்ட மேற்குத் திசைப் பயணங்களில் உண்மையான வேறுபாடும் உண்டு. நடு அகலாங்குகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று என்னும் வேகக் காற்றோட்டம் இருப்பதால், கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் போவதற்கு எடுக்கும் நேரத்தைவிட அங்கிருந்து திரும்புவதற்கு எடுக்கும் நேரம் பொதுவாகக் குறைவு. வடக்குத் தெற்காகக் கிடக்கும் சென்னை வழியில் இக்காற்றின் ஆதிக்கம் பெரிதில்லை.

தூரத்தைத் தவறாக மதிப்பிடுவதன் விலை என்ன என்பதைக் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள ஒரு மலையே சொல்லும். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிச் சென்ற மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இடைத்தரிப்புக்காகக் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியிருந்தது. விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில் இருந்தபோதே, இன்னும் அருகில் வந்துவிட்டதாக எண்ணி உயரத்தைக் குறைத்த அந்த விமானம், நோட்டன் பிரிட்ஜ் பகுதியிலுள்ள சப்த கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரும் உயிரிழந்தனர். நிலையத்திலிருந்து விமானம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை விமானிகள் பிழையாகக் கணித்ததே காரணம் என விசாரணை கண்டது. ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்னும் இறக்க விதியை மேலே கண்டோர், அந்த விதிக்கு அடிப்படையான தூரமே தவறிவிட்டால் எஞ்சிய எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் பயனில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். இன்று தரையிலுள்ள கருவிக்கு வானொலிச் சமிக்ஞை அனுப்பி, மறுமொழி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் கருவியும், செய்மதி வழிகாட்டலும், மலை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் அமைப்பும் பயணிகள் விமானங்களில் வழமையாகிவிட்டன.

கொட்டகலைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைப்பட்ட வழிக்கு விமானத்தைவிட நீண்ட வரலாறு உண்டு. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியது முதல், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தொழிலாளர்கள், பாக்கு நீரிணையையும் மன்னார்க் கடலையும் தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள்; வாந்திபேதியும் பசியும் காய்ச்சலும் வழிநெடுக உயிர்களைக் கொண்டன. இன்று விமானம் சமதளமாகப் பறக்கும் அந்த ஐந்து நிமிடங்களின் கீழே கிடப்பது ஏறத்தாழ இதே நீர்ப்பரப்புத்தான். ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, ரயில், கப்பல், மீண்டும் ரயில் எனத் தொடர்ந்து போகும் ஒரு வழி கிடைத்தது. மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்படும் நாட்களும் அந்த வழியின் பகுதியாயின. கடலில் கழியும் தூரம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் மட்டுமே என்றாலும், முழுப் பயணம் இரவும் பகலுமாக நீண்டது.

விமானம் இந்த வழியில் வந்தது 1930களில். 1938இல் டாட்டா நிறுவனத்தின் விமான அஞ்சல் சேவை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம், டக்கோட்டா என அழைக்கப்பட்ட டிசி-3, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வேகம் கொண்ட அந்த விமானம் வழியில் நிற்காமல் சென்றிருந்தாலும் இரண்டரை மணி நேரமாவது எடுத்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரச வான்படையின் தளமாக இருந்த கட்டுநாயக்க, 1960களின் பிற்பகுதியில் சர்வதேச விமான நிலையமானது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு இவை எதுவும் எட்டவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, அவர்கள் போனது ரயிலிலும் கப்பலிலும்தான். உறவுகளைப் பிரித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய அந்த ரயிலுக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட, கப்பல் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. உள்நாட்டுப் போர் மூண்ட பின் 1980களில் அதுவும் நின்றது. கடல் வழி மூடியபோதுதான் விமானம் மலையக மக்களுக்கு ஒரே வழியாயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கிய போதிலும், கொட்டகலையிலிருந்து பார்த்தால் அது தீவின் மறுமுனையிலிருந்து புறப்படுவது.

விமான நிலையத்தின் வாசலோடு முடிந்துவிடும் கணக்குகள் விட்டுவிடும் தூரம் இனிமேல்தான் வருகிறது. கொட்டகலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டுத் தூரம் 85 கிலோமீற்றருக்கு உட்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டுநாயக்கவிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் பறந்து நீரிலேயே இறங்கும் சிறு விமானம் ஏறத்தாழ அதே அளவு தூரத்தை அரை மணியில் முடித்துவிடுகிறது. தெருவழியாகச் செல்பவருக்கோ அது 140 முதல் 150 கிலோமீற்றர். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை என்று இறங்கும் தெரு, மலையின் மடிப்புகளைச் சுற்றிச் சுற்றியே கீழே போகிறது. அவிசாவளையைத் தாண்டி, கடுவெலையில் அதிவேகப் பாதையில் ஏறும்வரை ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தை வளைவுகளிலேயே இழக்க வேண்டியிருக்கிறது. அமர்த்திப் போகும் வான் நல்ல நாளில் நான்கு மணி நேரத்தில் போய்விடும். ஜூன், ஜூலை மாதங்களில், தீவிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்றான வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் மண் சரிந்தால் அல்லது மூடுபனி இறங்கினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். ரயிலை நம்பினால், சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து ஹட்டனை அடைந்த பிறகும் கொழும்புக் கோட்டை வரை ஏறத்தாழ 173 கிலோமீற்றர் இருப்புப்பாதை எஞ்சியிருக்கும். அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு வேறு வாகனம் வேண்டும். ஆகவே பறப்பு நேரத்தை ஐந்து நிமிடம் குறைக்கும் புதிய விமானத்தைவிட, கினிகத்தேனை வளைவுகளில் சரியாத ஒரு தெரு கொட்டகலைப் பயணிக்குத் திருச்சியை அதிகம் நெருக்கமாக்கும்.

மறுமுனையிலும் இதே நிலை காத்திருக்கலாம். ஒப்பந்தத்தின்கீழ்த் திரும்பியவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் அமைந்ததால், கொட்டகலைக் குடும்பங்கள் சிலவற்றின் உறவினர் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வாழ்கிறார்கள். கட்டுநாயக்கவில் காலை எட்டு மணிக்குப் புறப்படும் திருச்சி விமானம் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிறுவனங்கள் கேட்பதுபோல மூன்று மணி நேரம் முன்னதாக ஐந்து மணிக்கே அங்கு இருக்க வேண்டும். அதற்கு நள்ளிரவிலேயே கொட்டகலையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கி, குடிவரவும் சுங்கமும் முடிந்து பத்து மணியளவில் வெளியே வருபவர், கோயம்புத்தூருக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேலும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பத்தைந்தும் பஸ்ஸில் போய், பின்னர் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான மலைத் தெருவில் ஏறினால், கோத்தகிரியை அடையும்போது மாலை ஆறு மணியாகியிருக்கும். பதினெட்டு மணி நேரத்தில் விமானம் வானில் இருந்தது ஏறத்தாழ நாற்பது நிமிடம்.